எஸ்பிரஸோ மெஷின் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் நான்கு பேர். காலையும் மாலையும் பால் காப்பி குடிப்போம். எஸ்பிரஸோ மெஷின் வாங்க 25,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்றில் 15 பார், இன்னொன்றில் 20 பார் என்று போட்டிருக்கிறது. எது நல்லது? துபாயில் இருக்கும் தம்பி அங்கிருந்தே வாங்கி வருவதாகச் சொல்கிறான். நாகர்கோவிலில் அரைத்து வாங்கும் தூளையே இதில் போடலாமா?"

முதலில், உங்கள் மனதில் இருப்பது எந்தக் காப்பி என்று யோசித்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் 'எக்ஸ்பிரஸோ' என்ற பெயரில் நுரை பொங்கத் தருவது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளும் பாலும்தான். நீராவியை உள்ளே விட்டு நுரைக்க வைப்பார்கள். உங்களுக்குப் பிடித்தது அதுதான் என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். எஸ்பிரஸோ வேறு. நைசாக அரைத்த தூளை அழுத்தி வைத்து, 90 முதல் 96 டிகிரி வெந்நீரை சுமார் 9 பார் அழுத்தத்தில் அதன் வழியே செலுத்தி இறக்குவது. இத்தாலியின் மிலான் நகரத்துக் காப்பிக் கடைக்காரர் அக்கில்லே காஜியா 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் இந்த வழிக்காகத்தான். நீராவியின் தள்ளலை விட்டுவிட்டு வெந்நீரையே அழுத்தி இறக்குவது.

உங்கள் பார் கணக்குக்கு விடை இதிலேயே இருக்கிறது. காப்பிக்கு வேண்டியது 9. பெட்டியில் போட்டிருக்கும் 15, 20 எல்லாம் உள்ளே இருக்கும் பம்பால் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்பதைச் சொல்லும் எண். அந்த எண் கூடுவதால் காப்பி ருசி கூடிவிடாது. பம்பே இல்லாமல் நீராவியால் மட்டும் தள்ளும் மலிவு மெஷினை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் தண்ணீர் கொதித்து வரும், காப்பி கசக்கும், அழுத்தமும் போதாது.

இனி பணத்தைப் பிரிப்போம். 25,000 முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். கையால் சுற்றும் கிரைண்டரே போதும், உள்ளே இரும்புப் பல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூள் ஒரே சீராக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மெஷினிலும் தண்ணீர் இளகிய இடமாகப் பார்த்து ஓடிவிடும். மிக்ஸியில் அரைத்தால் மாவும் குருணையும் கலந்துதான் வரும். கடையில் அரைத்துத் தருவது ஃபில்டருக்கான பதம். எஸ்பிரஸோவுக்கு அது பருமன், பத்து விநாடியில் சளசளவென்று இறங்கிவிடும். சிக்கரி கலந்த தூளை எஸ்பிரஸோ மெஷினில் போடவே வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சி ஊறி அடைத்துக்கொள்ளும். அதே கடையில் சிக்கரி இல்லாமல் கொட்டையாகவே வாங்குங்கள், எப்போது வறுத்தது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பருவமழையும் பார்க்கிற நம் மாவட்டத்து ஈரத்தில் தூள் சீக்கிரம் வாசம் இழந்துவிடும். கொட்டை கொஞ்சம் தாங்கும்.

இப்போதைக்கு கிரைண்டர் வேண்டாம் என்றால், இரட்டைச் சுவர் கொண்ட வடிகட்டிக் கிண்ணம் வரும் மெஷினாகப் பாருங்கள். அதன் அடியில் ஒரே ஒரு ஊசித் துளைதான் இருக்கும். தூள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தைக் கொடுத்துவிடும். நுரையும் வரும், ஆனால் துளையில் பீய்ச்சி வரும் நுரை அது, ருசி அந்த அளவுக்கு இருக்காது. பின்னாளில் ஒற்றைச் சுவர்க் கிண்ணத்துக்கு மாற வசதி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் பிராண்டை விட இதுதான் முக்கியம். கடலோர வீடு ஒன்றிலிருந்து பழுது பார்க்க வந்த மெஷினை ஒருமுறை பிரித்தேன். பாய்லரின் உள்சுவரில் சுண்ணாம்பு விரல்நகக் கனத்துக்கு ஏறியிருந்தது. சுரண்டினால் அதன் கீழே உலோகத்தில் பொட்டுப் பொட்டாகக் குழி. சுண்ணாம்பை அதற்கென்று விற்கும் மருந்து போட்டு எடுத்துவிடலாம். உப்பு அரித்த குழியை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் லேசாகக் கரித்தால்கூட அதை மெஷினில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்தால் 75 முதல் 250-க்குள் இருப்பது நல்லது, 150 வாக்கில் இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் அந்த மீட்டர் உப்பையும் சுண்ணாம்பையும் பிரித்துச் சொல்லாது, அதனால் நாக்கையும் நம்புங்கள். குழாயில் நல்ல குடிநீர் வருமானால் அதைக் கார்பன் ஃபில்டரில் வடிகட்டி ஊற்றுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு கணக்கு. 1,450 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6.3 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் கன்வர்ட்டர் மாட்டி ஓட்டினால் பிளக் சூடாகிக் கருகும். பெரிய பவர் பிளக் இருக்கும் இடத்தில் வையுங்கள். இன்வெர்ட்டர் லைனில் மாட்டவே கூடாது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டில் இருப்பதேதான். பிளக்கின் முள் மட்டும் வேறு. சவூதியிலிருந்து வருவதென்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ், எனவே லேபிளில் 50/60 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். என் யோசனை இதுதான்: கிரைண்டரைத் தம்பி வாங்கி வரட்டும், அதில் ரிப்பேர் என்று பெரிதாக ஒன்றும் வராது. மெஷினை இங்கேயே வாங்குங்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. ஒரு ரப்பர் வளையம் போனால்கூட அலைச்சல். வாங்கும் முன் கம்பெனிக்கு போன் போட்டு, சர்வீஸ் ஆள் குளச்சலுக்கு வருவாரா, இல்லை நாம்தான் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

நான்கு பேருக்கு வீட்டு மெஷின் தாராளமாகப் போதும். இரண்டு முறை இறக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு கப்பாகப் பிரித்துப் பால் சேர்க்கலாம். எல்லோருக்கும் காப்பியை இறக்கிய பிறகே பாலை நுரைக்க வையுங்கள். நீராவிக்காக ஏறிய சூட்டிலேயே மறுபடி இறக்கினால் காப்பி தீய்ந்துபோகும். பக்கத்து வீட்டுக் கறந்த பால் என்றால் முதலில் காய்ச்சி, ஆற வைத்து, ஆடை எடுத்து, குளிர வைத்துக்கொள்ளுங்கள். நுரைக்கும்போது பால் 65 டிகிரி வந்ததும் நிறுத்திவிடுங்கள். நமக்குச் சூடு பற்றாது போலத் தோன்றும். முதலிலேயே டம்ளரில் வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டால் அந்தக் குறை தீரும்.

முதல் ஒரு வாரம் தராசும் கையுமாக இருங்கள். 18 கிராம் தூள் போட்டால், கப்பில் 36 கிராம் காப்பி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். முதலில் சொட்டுச் சொட்டாக, பதநீர் காய்ந்து பாகாகும் நிறத்தில் விழும். பிறகு நூல் பிடித்த மாதிரி ஒரே இழையாக வரும். 15 விநாடியிலேயே ஓடிவிட்டால் இன்னும் நைசாக அரையுங்கள். 45 விநாடி இழுத்தால் கிரைண்டரை ஒரு கிளிக் தளர்த்துங்கள்.