வெளிநாட்டு வேலை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாவுக்குப் பக்தாத்தில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் நல்லம், ஆனால் அம்மாவுக்கு ஒரே பயம். கையெழுத்து வைக்கமுன் எதைப் பார்க்கவேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மாவின் பயம் வீண் அல்ல. முதலில் காப்புறுதிப் பத்திரத்தின் விதிவிலக்குப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். சாதாரண பயணக் காப்புறுதி பெரும்பாலும் போர், பயங்கரவாதச் சேதங்களுக்குப் பணம் தராது. அவை உள்ளடங்குவதாகவும், காயப்பட்டால் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவை யார் ஏற்பது என்றும் எழுத்தில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

“விசிட் விசாவில் வா, பிறகு மாற்றலாம்” என்றால் மறுத்துவிடுங்கள். வேலை விசாவோடு, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போகவேண்டும். பணியகத்தின் துரித இலக்கம் 1989. முகவரின் அனுமதிப்பத்திரத்தையும் அங்கேயே விசாரிக்கலாம்.

அங்கே போனபின் ஆபத்து அதிகம் வீதியில்தான். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் போவதே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கட்டிலை யன்னலோரம் போடக்கூடாது. வெடிப்பில் பலரைக் காயப்படுத்துவது சிதறும் கண்ணாடி. சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கப் போவது அதைவிட மோசம். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் சில நாள் தண்ணீர், சிறு தாள்களாக டொலர், மருந்து, பவர் பேங்க் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைக்க விடவேண்டாம். பிரதியொன்று அம்மாவிடம் இருக்கட்டும்.