வெயில் ஊரில் பிலிம் கழுவுவது

அன்புள்ள ஐயா,

வேலைக்காக தான்சானியாவின் டார் எஸ் சலாம் வந்திருக்கிறேன். தாய்மாமாவின் நிக்கான் எஃப்எம்2 கேமராவும் ஹெச்பி5 கருப்பு வெள்ளை ரோல்கள் கொஞ்சமும் கையோடு வந்தன. இங்கே கருப்பு வெள்ளை பிலிம் கழுவித் தரும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. வீட்டில் கழுவலாம் என்றால் குழாய்த் தண்ணீரே 29 டிகிரியில் வருகிறது. ரோல்களைச் சேர்த்து வைத்து, விடுமுறையில் சென்னை வரும்போது கொடுத்துவிடலாமா? இன்னொன்று, இங்குள்ள நண்பர்களை மொபைலில் எடுத்தாலே முகம் இருட்டடிக்கிறது. பிலிமில் என்ன ஆகும்?

ச.

அன்புள்ள ச.,

சேர்த்து வைக்காதீர்கள். உங்கள் குளியலறையிலேயே கழுவுங்கள். அந்த ஊரில் இருந்து கழுவியவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாக முடியும். எடுத்து முடித்த ரோலில் இருக்கும் பிம்பம் வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட மங்கும். அப்புறம் விமான நிலைய எக்ஸ்ரே வேறு. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து நெகட்டிவைப் பார்த்தால், எந்த வெளிச்சத்துக்கு என்ன வைத்து எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். இந்த வாரம் எடுத்ததை இந்த வாரமே கழுவிப் பார்த்தால்தான் அந்த ஊர் வெயில் கைக்குப் பழகும்.

வழக்கமாகச் சொல்லும் 20 டிகிரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 24 போதும். பிம்பத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் டி-76 பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள், கொண்டுபோவதும் எளிது. கரைத்து வைத்ததைச் சம அளவு தண்ணீர் விட்டுப் பயன்படுத்தினால், ஹெச்பி5 பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் அது ஏழரை நிமிடத்துக்குப் பக்கம் வரும். அதற்கு மேல் சூடு ஏற ஏற நேரம் குறைந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் பிலிம் முழுக்க ஒரே சீராக வேலை செய்யாது, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். அதனால்தான் நீர்த்த கரைசலைச் சொல்கிறேன். டெவலப்பர், பிம்பத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் இரண்டின் பாட்டில்களையும் ஒரு பக்கெட் தண்ணீரில் நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸைப் போட்டு எல்லாவற்றையும் 24க்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் பிலிமை அலசும் தண்ணீரையும் அதே பக்கெட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வையுங்கள். 24இல் இருந்த பிலிமை நேராகக் குழாய்க்கடியில் காட்டாதீர்கள், ஊறி இளகிய ஜெலட்டினுக்கு அந்தத் திடீர் மாற்றம் ஆகாது. தண்ணீர் வராத நாளிலும் கவலை இல்லை. கெட்டிப்படுத்தும் மருந்து கலக்காத ஃபிக்ஸர் என்றால், பிலிம் இருக்கும் மூடிய டாங்கில் தண்ணீரை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, அதற்கப்புறம் 20 முறை கவிழ்த்தால் அலசியாயிற்று. மூன்று டாங்க் தண்ணீர்தான் செலவு.

உண்மையான சிரமம் சூட்டில் இல்லை, டாங்குக்குள் வைக்கும் ரீலில் இருட்டில் பிலிம் சுற்றுவதில்தான். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்ட இரண்டாவது நிமிடமே உள்ளங்கை வேர்த்துவிடும். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் பட்டாலும் பிலிம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு நகராது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மடிந்துபோகும். ரீலை முதல் நாளே ஹேர் டிரையரில் காயவைத்துவிடுங்கள். சுற்றுவதை விடிகாலையிலோ ஏசி அறையிலோ செய்யுங்கள். நடுவில் சிக்கினால் பிலிமையும் ரீலையும் டாங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து ஆறவிட்டுத் தொடருங்கள்.

இனி முகம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்கிறது. நண்பர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் அது சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், முகம் போய்விடும். கிட்டே போய் முகம் மட்டும் தெரியும்படி அளந்து, அதை மாற்றாமல் பின்னால் வந்து எடுங்கள். நெகட்டிவ் சற்றுக் கனமாக, அதாவது அடர்ந்து கறுத்து இருந்தால் பிரிண்ட் போடும்போது சரிசெய்யலாம். நிழலில் பதியாததை யாராலும் மீட்க முடியாது. உச்சி வெயிலைத் தவிருங்கள், கண்ணுக்குக் கீழே குழி விழும். வராந்தா நிழல் போதும்.

மாலியின் பமாகோவில் 1948இல் ஸ்டூடியோ திறந்த செய்தூ கெய்தா என்ற புகைப்படக்காரர் பெரும்பாலும் முற்றத்து வெளிச்சத்தில்தான் எடுத்தார். படுக்கை விரிப்பைத்தான் பின்திரையாகக் கட்டினார். அந்தப் படங்களில் கருந்தோலின் ஒவ்வொரு சாயலும் தெரிகிறது. வண்ணப் பிலிமை வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்தே நெடுங்காலம் சரிபார்த்தார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம். கெய்தாவைப் பார்த்தால் தெரியும், குறை தோலில் இருந்ததே இல்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே ஜன்சிபார் தீவின் கல் நகரத்தில் ரஞ்சோட் ஓசா என்ற குஜராத்தி 1930இல் தொடங்கிய கேபிடல் ஆர்ட் ஸ்டூடியோவைப் பற்றியும் விசாரித்துப் பாருங்கள்.

கெய்தாவிடம் வந்தவர்கள் தங்கள் படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீங்களும் எடுத்தவருக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுங்கள். அங்கேயே கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், சென்னையில் கழுவினால் அவருக்கு எப்போது போய்ச் சேரும்? எடுப்பதற்கு முன் சுவாஹிலியில் 'நவோம்பா குக்குப்பிகா பிச்சா' (உங்களைப் படம் எடுக்கலாமா) என்று கேளுங்கள், முகம் மலர்ந்து நிற்பார்கள். துறைமுகம், ராணுவம், அரசுக் கட்டடம் பக்கம் மட்டும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம்.

முதல் ரோல் காய்ந்ததும் ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். நிழலில் விவரம் இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று எழுதுகிறேன்.

அன்புடன்.