கத்தோலிக்க மருத்துவமனையும் அறநெறியும்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனைக் குழுமத்தின் இறையியல், அறநெறி மையத்தை நடத்துகிறேன். அதற்கு முன்னால் ஐசியு நர்ஸ். கேட்பதற்கு முன் இரண்டு விஷயம். நோயாளியின் பெயர், மருத்துவமனை பெயர் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் பதில் கிடையாது. அப்புறம், நான் கன்னியாஸ்திரி இல்லை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அதனால் ‘சிஸ்டர்’ வேண்டாம்.

கோவைக்காரன்: மேடம், மருத்துவமனைக்குள் இறையியலுக்கு என்ன வேலை? நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

பாதி நேரம் ஒப்பந்தம் படிப்பேன், சிரிக்காதீர்கள். எங்கள் குழுமம் மதச்சார்பில்லாத ஒரு மருத்துவமனையோடு கூட்டுச் சேர்ந்தால், எந்த சிகிச்சை யார் பெயரில் நடக்கும், லாபம் யாருக்குப் போகும் என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆயர் (பிஷப்) பேரவையின் மருத்துவப் பணிக்கான நெறிமுறைகளில் ஒரு பகுதி முழுக்க இதைப் பற்றியதுதான். மொத்தம் 77 நெறிகள், 2018-இல் வந்த ஆறாம் பதிப்புப்படி. (2025 நவம்பரில் ஆயர்கள் திருத்தங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் கீழே சொல்லும் எண்கள் எல்லாம் ஆறாம் பதிப்பின் எண்கள்.)

மீதி நேரம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பு, ஆயர் அலுவலகத்தோடு பேச்சு, பட்ஜெட் சண்டை, அப்புறம் வார்டிலிருந்து வரும் போன். “செய்யலாமா, கூடாதா, சீக்கிரம் சொல்லுங்கள்” என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: நோயாளி இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா, டாக்டர் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார், அதை வீட்டாரிடம் யார் சொன்னது? பல தடவை அங்கேயே விஷயம் வெளியே வந்துவிடும். ஆறு ஸ்பெஷலிஸ்ட் வந்து போயிருப்பார்கள், கிட்னி டாக்டர் கிட்னி நன்றாயிருக்கிறது என்பார், இதய டாக்டர் இதயம் பரவாயில்லை என்பார், ஆள் இறந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அதை அறநெறிச் சிக்கல் என்று எனக்கு அனுப்புவார்கள்.

நாகர்கோவில் நர்ஸ், ஹூஸ்டன்: அக்கா, வென்டிலேட்டரை எடுப்பது கருணைக்கொலை இல்லையா? என் கையால் எடுத்த நாளில் தூக்கமே வரவில்லை.

இல்லைம்மா. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமாங்காவில் பிரான்சிஸ்கோ தே விட்டோரியா என்ற டொமினிக்கன் துறவி இதை யோசித்திருக்கிறார். உயிரைக் காப்பது கடமை, ஆனால் அதற்காக விலை உயர்ந்த, மிகச் சிறந்த உணவையே தேடித் தின்ன வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்றார். அந்த மரபில்தான் கட்டாயம் ஏற்க வேண்டிய சாதாரண வழி, வேண்டாம் என்று விடக்கூடிய அசாதாரண வழி என்ற பிரிவு வந்தது. 1957 நவம்பரில் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது இதைச் சுவாசக் கருவிக்கே பொருத்திச் சொன்னார்: தனக்கோ பிறருக்கோ பெரிய சுமையாகாத வழிகளைத்தான் ஒருவர் கட்டாயம் ஏற்க வேண்டும்.

1975-இல் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்தாள். வளர்த்த பெற்றோர் பக்தியான கத்தோலிக்கர்கள், பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டுத்தான் வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னார்கள். டாக்டர்கள் மறுத்தார்கள், வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது, அந்த மறைமாவட்ட ஆயரே பெற்றோர் பக்கம் நின்றார். 1976-இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. கருவியை எடுத்த பிறகு அவள் சாகவில்லை, 1985 வரை தானாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தாள். கொல்வது நோக்கமாக இருந்திருந்தால் அந்த அப்பா அம்மா அதன்பின் உணவு செலுத்தும் குழாயையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், சொல்லவில்லை. இன்றைக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் எத்திக்ஸ் கமிட்டி (அறநெறிக் குழு) பரவியிருப்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

தூக்கம் வராதது வேறு விஷயம். உங்கள் யூனிட் சாப்ளினிடம் (மருத்துவமனையின் ஆன்மிகத் துணையாளர்) போய் உட்கார்ந்து பேசுங்கள், அவர் நோயாளிகளுக்கு மட்டும் இல்லை.

டல்லஸ் மாப்பிள்ளை: மனைவிக்கு மூன்றாவது சிசேரியன். ஊரில் அதே நேரத்தில் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுவார்களே, இங்கே கடைசி மாதத்தில் “எங்கள் மருத்துவமனையில் முடியாது” என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு ஏன் இந்த விதி?

கருத்தடையையே நோக்கமாகக் கொண்ட ஆபரேஷனை 53-ஆம் நெறி அனுமதிப்பதில்லை, அது நோயாளியின் மதத்தைப் பார்த்து மாறாது, நெறி கட்டுப்படுத்துவது மருத்துவமனையை. உங்கள் கோபம் நியாயம்தான், விதிக்காக இல்லை, கடைசி மாதத்தில் சொன்னதற்காக. நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துவது இதுதான்: முதல் செக்கப்பிலேயே சொல்லுங்கள். நீங்களும் முதல் செக்கப்பிலேயே கேளுங்கள், பிரசவம் எந்த மருத்துவமனையில், அங்கே என்னென்ன செய்ய மாட்டார்கள் என்று. பெயரில் ‘செயின்ட்’ இல்லாத கத்தோலிக்க மருத்துவமனைகளும் இருக்கின்றன. இப்போதைக்கு, உங்கள் டாக்டர் வேறு மருத்துவமனையிலும் பிரசவம் பார்ப்பவரா, இன்ஷூரன்ஸ் அதை ஏற்குமா என்று இன்றைக்கே போன் போடுங்கள்.

பெயரிலி: வென்டிலேட்டர் எடுப்பது பாவமா?

மேலே பார்க்கவும்.

மறைக்கல்வி ஆசிரியர்: வென்டிலேட்டர் சரி. உணவு செலுத்தும் குழாய் (ட்யூப்)? சோறும் தண்ணீரும் மருத்துவமா? 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவாகச் சொல்லிவிட்டாரே.

சொன்னார். நினைவு திரும்பாமல் கிடப்பவருக்கும் உணவும் நீரும் கொடுப்பது கொள்கை அளவில் கடமை என்றார், 2007-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் அதை உறுதிப்படுத்தியது, 58-ஆம் நெறியும் அதையே சொல்கிறது. ஆனால் நெறியை முழுசாகப் படியுங்கள். உணவு ஆயுளை நீட்டிக்கும் என்று எதிர்பார்க்க முடியாதபோது, அல்லது நோயாளிக்கு மிதமிஞ்சிய சுமையாகும்போது, அது கட்டாயமில்லை என்றும் அதே நெறியில் இருக்கிறது.

சேலம் ஐசியு டாக்டர்: ஆசிரியர் ஐயா, முற்றிய மறதி நோயில் ட்யூப் போட்டால் ஆயுள் கூடுவதில்லை, நிமோனியாவும் குறைவதில்லை. கையைக் கட்டிப்போட்டு ஊட்டுவதை அன்பு என்பீர்களா?

மறைக்கல்வி ஆசிரியர்: பட்டினி போட்டுச் சாகவிடுவதை மருத்துவம் என்பீர்களா?

சேலம் ஐசியு டாக்டர்: சாகப்போகிறவருக்குப் பசி எடுப்பதில்லை, இது முதலாமாண்டுப் பாடம்.

மறைக்கல்வி ஆசிரியர்: ப்ளோரிடாவில் டெரி ஷைவோ சாகப்போகிறவரா? நினைவின்றி, ட்யூப் உணவில் 15 வருஷம் உயிரோடு இருந்தவர்!

சரி, இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியர் சொல்வது நினைவின்றி, ஆனால் உணவு கிடைத்தால் வருஷக்கணக்கில் வாழக்கூடியவரை. ஷைவோவுக்கு 2005-இல் ட்யூபை எடுத்தது அந்த போதனைக்கு எதிரானதுதான், அதில் ஆசிரியரோடு நான் ஒத்துப்போகிறேன். டாக்டர் சொல்வது முற்றிய மறதி நோயில், விழுங்கும் சக்தியே போய்க்கொண்டிருக்கும் பாட்டியை. அங்கே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே ட்யூப் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்கிறது.

கையால் ஊட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில் கொஞ்சமாய் கூழ், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, இரும விட்டு, அப்புறம்தான் அடுத்த வாய். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ட்யூப் என்றால் பையை மாட்டிவிட்டுப் போய்விடலாம். சில முதியோர் இல்லங்கள் ட்யூபைக் கேட்பதற்குக் காரணம் இறையியல் இல்லை, ஆள் பற்றாக்குறை. நீங்கள் இருவரும் சேர்ந்து சண்டை போட வேண்டிய இடம் அது.

மறைக்கல்வி ஆசிரியர்: ஆனாலும் கொள்கை என்று ஒன்று…

இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். அடுத்த கேள்வி.

திருச்சி தாமஸ்: சிஸ்டர், ஆயர் சொன்னால் மருத்துவமனை கேட்டே ஆக வேண்டுமா?

சிஸ்டர் இல்லை. ‘கத்தோலிக்க’ என்ற பெயரைக் கொடுப்பதும் எடுப்பதும் ஆயர் கையில். 2009-இல் பீனிக்ஸ் நகரின் செயின்ட் ஜோசப் மருத்துவமனையில் 11 வாரக் கர்ப்பிணி, நுரையீரல் ரத்த அழுத்த நோய், கர்ப்பம் தொடர்ந்தால் தாயும் சாவாள் என்ற நிலை. எத்திக்ஸ் கமிட்டி கர்ப்பத்தைக் கலைக்க அனுமதித்தது. கமிட்டியில் இருந்த அருட்சகோதரி மார்கரெட் மக்பிரைட் அந்த ஒப்புதலாலேயே திருச்சபை உறவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாக ஆயர் ஓல்ம்ஸ்டெட் அறிவித்தார், 2010 டிசம்பரில் மருத்துவமனையின் கத்தோலிக்க அந்தஸ்தையும் எடுத்தார். இது 45-ஆம் நெறி தடுக்கும் நேரடிக் கருக்கலைப்பா, தாயின் நோய்க்கான சிகிச்சையில் குழந்தை இறக்க நேர்வதை ஏற்கும் 47-ஆம் நெறிக்குள் வருமா என்று இறையியலாளர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மருத்துவமனை மூடவில்லை, பெயரும் மாறவில்லை, சிற்றாலயத்தில் திருப்பலி நின்றது. அந்தச் சகோதரி பின்னர் திருச்சபையோடு ஒப்புரவானார். என் வேலைக்கு இதில் பாடம்: ஆயரை நெருக்கடியில்தான் முதல்முறை போனில் கூப்பிடுகிறேன் என்றால் நான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மதுரைப் பொறியாளர்: கோவிட் ஊசி தயாரிப்பில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்த செல்…

வேறு ஊசி கிடைக்காதபோது போட்டுக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரிலேயே வத்திக்கான் எழுதிவிட்டது. போதும்.

பெங்களூரு மருத்துவ மாணவி: மேம், இந்த வேலைக்கு எப்படி வருவது? குருவானவராக இருக்க வேண்டுமா?

வேண்டாம், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) நிறையப் பேர் இருக்கிறோம். இறையியலில் டாக்டர் பட்டம், அதோடு மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி இருந்தால் நல்லது. புத்தகம் மட்டும் படித்தவர்கள் முதல் குடும்பக் கூட்டத்திலேயே திணறுவார்கள். நீங்கள் இருக்கும் ஊரிலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போய்ப் பேசுங்கள். இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை 1943-இல் தொடங்கியவர் குண்டூரில் பணி செய்த டாக்டர் கன்னியாஸ்திரி மேரி குளோரி, அவரைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.

பெயரிலி 2: அப்பா சென்னையில் வென்டிலேட்டரில் இருக்கிறார், எடுத்தால் பாவமா?

முதலில், அப்பாவுக்காக வருத்தப்படுகிறேன். பாவமா என்பதற்குப் பதில் மேலே நர்ஸுக்கு எழுதியது, மெதுவாகப் படியுங்கள். இந்தியச் சட்டம் என் துறை இல்லை. கருவியை எடுப்பதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது, 2023-இல் அதை எளிமையாக்கியது, அந்த நடைமுறை மருத்துவமனைக்குத் தெரிந்திருக்க வேண்டும், சிகிச்சை டாக்டரிடமே கேளுங்கள். அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த டாக்டரைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதிலோடு வெளியே வருவீர்கள்.

ஹெச்1பி கனவு: அக்கா, உங்கள் மருத்துவமனையில் ஐடி வேலை காலியாக இருக்கிறதா?

இது அதற்கான இடம் இல்லை தம்பி.

மறைக்கல்வி ஆசிரியர்: கடைசியாக ஒன்று. அந்த முக்கால் மணி நேர ஊட்டலுக்கு ஆள் வைக்க உங்கள் மருத்துவமனை காசு கொடுக்கிறதா?

நல்ல கேள்வி. மாலை உணவுக்குத் தன்னார்வலர்களை வைத்திருக்கிறோம், விழுங்கும் பயிற்சி நிபுணர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். காலை உணவுக்கு ஆள் இல்லை. அடுத்த வருட பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன், நிதி அதிகாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.