வெளி ரேம் போட்டால் போர்டு போய்விடுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 8 ஜிபி ரேம். இப்போது ரொம்ப இழுக்கிறது. ரேம் கூட்ட சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகை, பக்கத்துக் கடையில் சொன்னதைவிட இரண்டு மடங்கு. 'வெளி ரேம் போட்டால் போர்டு போய்விடும்' என்றும் சொன்னார்கள். உண்மையா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். உலகத்தின் பெரும்பாலான ரேம் சிப்புகள் இந்த மூன்று நிறுவனங்களிலிருந்துதான் வருகின்றன. உங்கள் லேப்டாப்பைத் திறந்தாலும் அநேகமாக இந்தப் பெயர்களில் ஒன்றுதான் இருக்கும்.

வம்பு பிராண்டில் இல்லை, வகையில்தான். ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 உட்காராது. ரேமின் அடி விளிம்பில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். பழைய மாடல்களில்தான் ஏமாந்துபோகிறோம். ஒரு மாணவர் 2014 மாடல் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். புது ரேம் போட்டதிலிருந்து விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பையன் முகத்தில் ரத்தமே இல்லை. கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 'பிசி3'. அந்த லேப்டாப் கேட்பது 'பிசி3எல்'. பிசி3எல் 1.35 வோல்ட், போட்டிருந்த பிசி3 1.5 வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வெட்டுகூட அதே இடம். சரியானதைப் போட்டதும் திரை வந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. மகள் வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்துவைத்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போடுவதில் பலன் உண்டு. டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால், அதுவும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால், அந்தப் பணத்தில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் வாங்குங்கள். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். மாடல் எண்ணைச் சொல்லி அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவரில்லாமல், பில்லில்லாமல் கையில் எடுத்துக் கொடுக்கும் ரேம் வேண்டவே வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஓர் இரவு முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

பழைய ரேமைக் கழற்ற வேண்டி வந்தால் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு லேப்டாப் தகராறு செய்தால், அதை மாட்டிப் பார்த்தாலே கோளாறு புது ரேமிலா இல்லையா என்று தெரிந்துவிடும்.