வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கொடைக்கானலில் வசிக்கிறோம். தை பிறந்ததும் குடைமிளகாய், தக்காளி விதைகளைக் குழித்தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். காலையில் தண்ணீர் தெளித்தால் மத்தியானத்துக்குள் மேலே காய்ந்து வெளிறிவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தெளிக்க வேண்டும்? மூன்று வாரமாகியும் குடைமிளகாய் தலை காட்டவில்லை.

பதில்: முறைக்கணக்கை விட்டுவிடுங்கள். தட்டின் மேல்நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போவீர்கள். தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட், நனைந்தால் கரும்பழுப்பு, காய்ந்தால் வெளிர்பழுப்பு. பனிக்காலத்துப் பகல் காற்று வறண்டது என்பதால் மேலே அரை சென்டிமீட்டர் சீக்கிரமே வெளிறிவிடும். குளிரில் அடி மட்டும் லேசில் காயாது. மேலே பார்த்துத் தெளித்துக்கொண்டே போனால் அடியில் தண்ணீர் தேங்கி, விதைக்குக் காற்று கிடைக்காது. ஓரக் குழி ஒன்றில் ஈர்க்குச்சியை அடிவரை விட்டு எடுங்கள். நுனியில் ஈரத்தூள் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பழகிவிட்டால் தட்டைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், காய்ந்த தட்டு கையில் தக்கையாக இருக்கும்.

ஈரத்தை விதைப்பதற்கு முன்பே சரி செய்வதுதான் சுலபம். 650 கிராம் கோகோபீட் கட்டி ஒன்றுக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஊறியதும் பிழிந்து, புதுத் தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள். உப்பு போகாத நாரில் நாற்றின் இலைநுனி கருகும். மூன்று பங்கு நாருக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சேருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இன்னும் பிழியுங்கள், பிடி உதிர்ந்தால் கொஞ்சம் தெளியுங்கள். இந்தப் பதத்தில் நிரப்பி விதைத்து, பாலிதீன் தாளால் மூடிவிட்டால் முளைக்கும்வரை பெரும்பாலும் தண்ணீரே வேண்டியிருக்காது. தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் காலையில் துடைத்துவிட்டு மூடுங்கள். மூடிய தட்டின் மேல் நேர் வெயில் படக் கூடாது, உள்ளே விதை வெந்துவிடும்.

குடைமிளகாய்க்கு ஈரத்தோடு சூடும் வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில், கண்ணாடியை ஒட்டி வைத்தால் அதில் பாதிச் சூடுகூட மிஞ்சாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் விதை உறங்கும், இல்லையென்றால் அழுகும். ஒரு விதையைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் தட்டை ஃபிரிட்ஜின் மேல் வைத்துக் காத்திருக்கலாம். கூழாக வந்தால் மறுபடி விதைக்க வேண்டியதுதான். குழாய்த் தண்ணீரையும் நேரே ஊற்றாதீர்கள், முதல்நாள் இரவே பிடித்து அறையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: குன்னூரில், மழைக்காலத்தில் வீட்டுக்குள் வளர்த்த முட்டைகோஸ் நாற்றுகள் நன்றாக முளைத்தும் நான்காம் நாள் தண்டு மெலிந்து சாய்ந்துவிட்டன. ஈரம் போதவில்லையா?

பதில்: ஈரம் கூடிவிட்டது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சாண வகைகளின் வேலை. வாடிய நாற்று தண்ணீர் ஊற்றினால் நிமிரும், இது நிமிராது.

முளைக்கும்வரை மூடி காப்பாற்றுகிறது, முளைத்தபின் அதுவே கெடுக்கிறது. பாதி விதை முளைத்ததுமே தாளை எடுத்துவிடுங்கள், மீதிக்காகக் காத்திருக்காதீர்கள். மேலிருந்து தெளிப்பதையும் அன்றோடு நிறுத்துங்கள். இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் தட்டை வைத்தால் அடித்துளை வழியாக உறிஞ்சும். மேல்பரப்பு கருத்ததும், அதாவது இருபது முப்பது நிமிடத்தில், எடுத்து நீரை வடியவிடுங்கள். அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுவது வழக்கமான தவறு. நீலகிரி மூடுபனியில் அறைக்காற்றே ஈரமாக இருப்பதால், சின்ன மின்விசிறியைத் தள்ளி வைத்து மெதுவாக ஓடவிட்டாலும் தகும். சாய்ந்த நாற்றுகளை அந்தக் குழி நாரோடு அகற்றுங்கள். அடுத்த முறை விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சாணத் தூள், கலந்து விதையுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு, வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

கேள்வி: லெட்யூஸ், பெட்டூனியா விதைகளை எவ்வளவு ஆழம் புதைக்கலாம்? (ஊட்டி)

பதில்: புதைக்கவே கூடாது. இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும். ஈர நார்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, பாலிதீன் தாளால் மூடுங்கள். பூவாளி ஆகாது, பெட்டூனியா விதை தூசிபோல ஓரத்துக்கு அடித்துப்போய்விடும்.

கேள்வி: நான்கு நாள் வெளியூர் போக வேண்டும். கோத்தகிரி வீட்டில் நாற்றுகளைப் பார்க்க ஆளில்லை.

பதில்: தடித்த பருத்தித் துண்டை நனைத்து மேசையில் விரித்து, அதன்மேல் தட்டுகளை வையுங்கள். துண்டின் ஒரு முனை பக்கத்து வாளித் தண்ணீருக்குள் இறங்கட்டும். வாளியின் நீர்மட்டம் தட்டைவிடப் பத்து சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தால் வாளி முழுவதும் மேசையில் வழிந்துவிடும். குழியின் அடிநார் துணியைத் தொடாவிட்டால் நீர் ஏறாது, அந்தத் துளைகளில் பருத்தித் திரி செருகுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அமைத்துப் பாருங்கள். வாளியை மூடி வைக்க மறக்க வேண்டாம், கொசு முட்டையிடும்.