ஒரே ரிப்போர்ட்டை நம்பி இக்ஸிக்குப் போகாதீர்கள்

தம்பி, சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் உலையில் உருக்கும் வேலை, போன மாதம் டைபாய்டு, இப்போது விந்தணு மில்லிக்கு 30 லட்சம், உடனே இக்ஸி (கருமுட்டையை வெளியே எடுத்து, அதற்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கும் சிகிச்சை) என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். கடும் காய்ச்சல் அடித்தால் அதற்கப்புறம் 2, 3 மாதம் வரைக்கும் எண்ணிக்கை குறைந்தே காட்டலாம். உலை வெக்கையும் விதைகளுக்கு ஆகாது. முதலாளியிடம் பேசி வேறு வேலைக்கு மாறிப் பாருங்கள். 3 மாதம் கழித்து, உறவில்லாமல் 2 முதல் 7 நாள் விட்டு, மறுபடி டெஸ்ட் எடுங்கள். 2021 உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கீழ் அளவு மில்லிக்கு 1.6 கோடி.

அதற்குள் யூராலஜிஸ்ட் ஒருவர் வெரிகோசீல் (விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருப்பது) இருக்கிறதா என்று நேரில் பார்க்கட்டும். எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மறுபடியும் 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் குரோமோசோம் பரிசோதனை செய்துவிட்டு இக்ஸிக்குப் போங்கள். நல்ல சிகிச்சைதான், ஆனால் ஊசியும் கருமுட்டை எடுப்பதும் உங்கள் மனைவி உடம்பில். அவருக்கு 27 என்பதால் காத்திருக்கலாம். 35 தாண்டியிருந்தால் இப்படிச் சொல்லமாட்டேன்.

அம்மா மருமகளைக் குறை சொல்கிறாராமே. குறை உங்கள் ரிப்போர்ட்டில்தான் என்று இன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள்.