வாசகர் கேள்வி – பதில்: ஓர் அறையில் மூன்று வகுப்புகள்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளை ஓர் ஆசிரியை ஒரே அறையில் நடத்துகிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளை, தமிழ்ப் பாடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு 'மொட்டு' நிலையில் அமர்த்தியிருக்கிறார்கள். பாட்டும் அட்டையும் புளியங்கொட்டையுமாகவே பொழுது கழிகிறது. வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், ஒடுகத்தூர் அருகில்

பதில்: அம்மா, உங்கள் மகளை யாரும் வகுப்பிறக்கம் செய்யவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியை நிரப்புவதற்காக 2022 ஜூன் மாதத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், அரும்பு என்பது ஒன்றாம் வகுப்புக்குரிய திறனையும், மொட்டு இரண்டாம் வகுப்புக்குரியதையும், மலர் மூன்றாம் வகுப்புக்குரியதையும் குறிக்கும். எந்த வகுப்பில் பெயர் பதிந்திருக்கிறது என்பதைப் பாராமல், குழந்தைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதைப் பார்த்தே இடம் ஒதுக்குகிறார்கள். வாசிப்பில் தடுமாறும் குழந்தையை மூன்றாம் வகுப்புப் பாடத்தோடு மல்லுக்கட்ட விடுவதைக் காட்டிலும், தடுமாறும் இடத்திலிருந்தே தூக்கிவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

அட்டைகளும் இன்று நேற்று வந்தவை அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியபோதே அட்டையும், எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. ஆசிரியை மூன்று வகுப்புகளுக்கும் பொதுவாக ஒரு கதையைச் சொல்லி முடித்ததும், அரும்புப் பிள்ளைகள் அக்கதையில் வந்த எழுத்துகளைப் புளியங்கொட்டையால் தரையில் அமைப்பார்கள். மொட்டுப் பிள்ளைகள் சொற்களைச் சேர்த்து வாசிப்பார்கள். மலர்ப் பிள்ளைகள் கதையின் முடிவை மாற்றித் தாங்களே எழுதுவார்கள். ஒரு குழு தானாக வேலை செய்யும் நேரத்தில்தான் இன்னொரு குழுவின் அருகில் ஆசிரியை உட்கார முடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் கற்றல் நடக்கிறதா என்று சோதிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை வீட்டுப்பாட நோட்டின் தடிமனைக் கொண்டு சோதிக்காதீர்கள். மகள் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, படித்ததைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். பழகிய பாடத்தையே கொடுத்தால், பல பிள்ளைகள் புத்தகத்தைப் பாராமலேயே ஒப்பித்துவிடுவார்கள். கணக்கில், 52 ரூபாயில் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டு, விடையைவிட அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைக் கவனியுங்கள். மாதம்தோறும் இப்படிச் செய்து வந்தும் மாற்றமே தெரியவில்லையென்றால், அப்போது ஆசிரியையிடம் கேளுங்கள். பள்ளி மாற்றும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய குறை வேறு. ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில் விழுகின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது; வகுப்புகள் எத்தனை என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. அதே சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அக்கூட்டத்துக்குப் போய், அத்தகைய நாள்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள்.

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை) பறிக்கும் சமயத்தில் ஆசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் கொல்லைக்கு அழைத்து வந்து, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணச் சொன்னார். கொல்லையில் பிறந்த பிள்ளைகளுக்கு இது ஒரு பாடமா?
– ஒரு விவசாயி, கே.வி.குப்பம்

பதில்: ஐயா, பாடம்தான், எண்ணியதோடு நின்றிருந்தால் மட்டும் அது வெறும் ஊர்சுற்றல். பத்துச் செடிகளின் காய்களை எண்ணி எழுதினால், எந்தச் செடியில் அதிகம், எதில் குறைவு, சராசரி எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புக் கணக்கு முழுவதும் அதிலேயே அடங்கிவிடும்; காய்களையே வரிசையாக அடுக்கினால் பட்டை வரைபடம் கிடைக்கும். அறிவியலிலும் ஒரு வாய்ப்பு உண்டு. மல்லாட்டை வேரில் காய்க்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பூ மண்ணுக்கு மேலே பூத்து, கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பு இறங்கி மண்ணுக்குள் புகுந்து காயாகிறது. வேரில் தனியாகத் தெரியும் சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும்படி மாற்றித் தருகின்றன. செடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அடுத்த முறை அவர்கள் வரும்போது, ஏக்கருக்கு விதை எவ்வளவு, காய் எத்தனை மூட்டை, செலவு எவ்வளவு என்று பிள்ளைகளே உங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இடம் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்களும் ஓர் ஆசிரியர்தான். பறிப்பு வேலைக்கு மட்டும் அவர்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அப்படியொரு எண்ணம் இராது, இருப்பினும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மகன் பள்ளியில் வாயே திறப்பதில்லை. வீட்டிலும் தமிழிலேயே பேசலாமா?
– ஒரு தந்தை, குடியாத்தம் அருகில்

பதில்: ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதியில் இது புதிதல்ல. வீட்டுத் தெலுங்கை நிறுத்தாதீர்கள்; நன்றாகப் பேசத் தெரிந்த மொழி ஒன்று இருந்தால்தான் அடுத்த மொழிக்கு அது பிடிமானமாகும். பொருளின் பெயரை அவன் தெலுங்கில் சொன்னால், 'தப்பு' என்று அடக்காமல் தமிழ்ச் சொல்லையும் சேர்த்துச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரு மொழியும் தெரிந்த மூத்த மாணவன் ஒருவனைச் சில வாரங்களுக்கு அவன் பக்கத்தில் அமர்த்தினால் இன்னும் நல்லது. பேசாத அந்த நாள்களிலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆகவே எல்லோர் முன்னிலும் எழுப்பிப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கூட்டமாகப் பாடும் பாட்டில் முதலில் வாய் திறப்பான்.